ஏப்ரலில் மழை பெய்யாது

ஹனோவர்,
1976 செப்டம்பர் 14

அன்புள்ள அராசெலி அவர்களுக்கு,

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது நீங்களும் உங்கள் கணவரும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். என் பெயர் கெர்டா. உங்கள் அண்ணன் ஃபெர்மினின் மனைவி. கல்யாணமாகிப் பதினான்கு வருடம் கழித்து நாத்தனாருக்கு எழுதும் முதல் கடிதம் இது. உங்கள் மொழியை அவரிடம்தான் கற்றேன். பிழை இருந்தால் பாதிப் பழி அவருக்கு.

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. விலாசத்தை அவருடைய பழைய ஜெபப் புத்தகத்திலிருந்து எடுத்தேன். உங்கள் வீட்டு விலாசம் இல்லாமல் ஏதோ பொத்தான் கடை விலாசமாக இருக்கிறது. அப்படியே அனுப்புகிறேன்.

அவருக்கு உடம்பு சரியில்லை. ரப்பர் தொழிற்சாலையில் பதினாறு வருடம் இழுத்த புகை இப்போது நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுக்கிறது. மே மாதத்திலிருந்து வேலைக்குப் போகவில்லை. மாடி ஏறினால் நடுவில் ஒருமுறை படியில் உட்கார வேண்டும். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அவர் பார்க்கணும்னு நினைக்கிற இடம் ஏதாவது இருந்தா, அடுத்த கோடைக்குள்ள கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார்.

அந்த இடம் எது என்று எனக்குத் தெரியும். தூக்கத்தில் உங்கள் ஊர்த் தெருக்களின் பெயரைச் சொல்கிறார். விழித்திருக்கும்போது கேட்டால், "செவில் வெயில் உனக்கு ஒத்துக்காது, கெர்டா. திருவிழாக் கூட்டத்துல நசுங்கிப் போயிடுவ" என்று தட்டிக் கழிக்கிறார். ஏன் ஒருமுறைகூட ஊருக்குப் போகவில்லை என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்: "ஒரு பெரிய வெள்ளிக்கிழமை மழை பெஞ்சுது. அவ்வளவுதான்."

மழை பெய்ததற்காக ஒருவர் பதினேழு வருடம் சொந்த ஊருக்குப் போகாமல் இருப்பாரா? அப்படிப் பார்த்தால் எங்கள் ஊரில் யாரும் வீட்டை விட்டே வெளியே போக முடியாது.

அடுத்த ஏப்ரலில், ஈஸ்டருக்கு முந்தைய பாடுகளின் வாரத்துக்கு அவரை அழைத்து வர நினைக்கிறேன். அப்போது வானிலை எப்படி இருக்கும், என்ன துணி கொண்டுவர வேண்டும், எந்தத் திருவிழா எப்போது என்றெல்லாம் எழுதுங்கள். அவரை அங்கே வரவேற்பார்களா என்பதையும் எழுதுங்கள். அதுதான் நான் உண்மையில் கேட்க வந்தது.

மரியாதையுடன்,
கெர்டா

*

திரியானா, செவில்,
செப்டம்பர் 30

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் கடவுள் கிருபையில் சுகம். அங்கே அண்ணனும் நீங்களும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். பொத்தான் கடை பெத்ரா உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தபோது என் வாயில் பத்து ஊசி. அங்கி தைப்பவள் நான். பெரிய வெள்ளி ஊர்வலத்தில் எங்கள் கோயிலின் மாதா சபையார் போடுகிற கறுப்பு அங்கியும் கூம்புத் தலைமூடியும் என் கையால் போவதுதான். ஊசியை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுத்தான் அழ முடிந்தது.

என்னை "நீங்கள்" என்று எழுதாதீர்கள் அண்ணி. நான் சின்னவள்.

கடிதத்தை இனிமேலும் பெத்ரா கடைக்கே அனுப்புங்கள். என் கணவர் ரூஃபினோ இப்போது சபைக்குத் தலைவர். நல்ல மனுஷர், ஒரு சொல் பொய் பேச மாட்டார். ஆனால் இந்த வீட்டில் அண்ணன் பெயரைச் சொல்வதில்லை.

எங்கள் ஊர் வானிலையைப் பற்றிக் கேட்டீர்கள். ஜூலையும் ஆகஸ்டும் மனுஷன் இருக்கிற காலம் இல்லை. தெருவுக்கு மேலே இந்தக் கூரைக்கும் அந்தக் கூரைக்கும் துணிப் பந்தல் கட்டிவிடுவோம். மதியம் நாய்கூட நடக்காது. குளிர்காலத்தில் நீங்கள் சிரிப்பீர்கள்: வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள்தான் குளிர். மேஜைக்கு அடியில் கரி அனலை வைத்து, மேஜை விரிப்பை இடுப்பு வரை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கால் வேகும், முதுகு விறைக்கும். மே மாதம் நாற்பதாம் தேதி வரை மேலாடையைக் கழற்றாதே என்று இங்கே சொல்வார்கள். நாற்பதாம் தேதியைத் தேடி நானும் ஐம்பது வருடமாக நாட்காட்டியைப் புரட்டுகிறேன்.

ஏப்ரல்தான் அழகு. கசப்பு ஆரஞ்சு மரம் தெருவெல்லாம் பூத்துவிடும். ஊரே குளித்துவிட்டு வந்த மாதிரி வாசனை. பாடுகளின் வாரத்தில் தேனில் ஊறிய வறுத்த ரொட்டி, கொண்டைக்கடலையும் கீரையும் போட்ட உப்புமீன் குழம்பு, ஏழு நாளும் சப்பரங்கள். ஒரு மெல்லிய கம்பளிச் சட்டை போதும். குடை வேண்டாம். ஏப்ரலில் மழை பெய்யாது.

அண்ணனுக்குப் பூண்டும் தேனும் கொடுங்கள். மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

உங்கள் நாத்தனார்,
அராசெலி

*

ஹனோவர்,
அக்டோபர் 20

அன்புள்ள அராசெலிக்கு,

நீ சுகமா? இங்கே இலை உதிர்ந்துவிட்டது. அவருக்கு இருமல் கூடியிருக்கிறது, எடை குறைந்திருக்கிறது. மற்றபடி வாய் நன்றாக இருக்கிறது.

உன் கடிதத்தை ஒளித்துவைக்க எனக்குத் தெரியவில்லை. அவரிடமே வாசித்துக் காட்டினேன். மேஜைக்கு அடியில் அனல் என்றதும் கண்ணை மூடிக்கொண்டார். ஆரஞ்சுப் பூ என்றதும் மூக்கால் ஒரு மூச்சு இழுத்தார். அதற்கே பத்து நிமிடம் இருமல். கடைசி வரியைக் கேட்டுவிட்டு, "அவ அப்படித்தான். மழைன்னா பேச்சை மாத்துவா" என்றார். பிறகு, "ரூஃபினோ அவளை நல்லா வெச்சிருக்கானா?" என்று மட்டும் கேட்டார்.

அராசெலி, நான் கேட்ட ஒன்றுக்கு நீ பதில் எழுதவில்லை. அந்த வெள்ளிக்கிழமை என்ன நடந்தது?

அன்புடன்,
கெர்டா

*

திரியானா,
நவம்பர் 5

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்தை அறிய ஆவல். சகல ஆத்துமாக்கள் நாளன்று அம்மாவின் கல்லறையைக் கழுவி, சாமந்தி வைத்துவிட்டு வந்தேன். அண்ணன் பங்குக்கும் ஒரு கொத்து வைத்தேன்.

கேட்டுவிட்டீர்கள், ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நானே சொல்கிறேன்.

எங்களுக்கு மழை மேற்கே உவெல்வா பக்கத்திலிருந்து வரும். அங்கே கருத்தால் இரண்டு மணி நேரத்தில் இங்கே கொட்டும். ஊர்வலத்தன்று சபையில் ஓர் ஆளை ஆற்றுக்கு அப்பால் கஸ்தியேஹா மேட்டில் நிறுத்துவார்கள். அவன் மேற்கே பார்த்துவிட்டு, அங்கிருக்கும் கடையிலிருந்து எங்கள் கோயிலுக்கு எதிரே உள்ள மதுக்கடைக்குப் போன் செய்வான். தெளிவு என்றால் கதவு திறக்கும், மாதா சிலையோடு சப்பரம் வெளியே வரும். மேகம் என்றால் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் உள்ளே நின்று அழுவோம். நனைந்தால் மாதா தாங்க மாட்டாள். மரம், சாயம், வெல்வெட்.

1959இல் மேட்டில் நின்றவன் அண்ணன். ஆற்றில் படகு ஓட்டியவன், வானம் அவனுக்குக் கைரேகை மாதிரி. கதவுக்குப் பொறுப்பு ரூஃபினோ. போனை எடுத்தது நான். அந்த இரைச்சலில் அண்ணன் குரல் எனக்குத்தான் பிடிபடும். வானம் தெளிவு என்று செய்தி வந்தது. கதவு திறந்தது.

அப்போது அம்மா படுத்த படுக்கை. "இந்த வருஷம் பார்க்கலேன்னா எனக்கு அடுத்த வருஷம் ஏது?" என்று மதியத்திலிருந்தே பால்கனியில் நாற்காலி போட்டுச் சாய்ந்திருந்தாள். மாதா எங்கள் தெரு வழியாகப் போனாள். அம்மா பார்த்தாள். சப்பரம் பாலத்தின் நடுவே போகும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் இல்லை. பெண்கள் பதினோரு வருடம் பூவேலை செய்த போர்வை சாயம் போய்ச் சுருங்கியது. மாதாவின் கன்னத்தில் பூச்சு உரிந்தது. இன்றைக்கும் அந்தத் தழும்பைக் காட்டிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறார்கள்.

அண்ணன் மேட்டிலிருந்து ஓடி வந்து சேர்ந்தபோது, "ஏண்டா தெளிவா இருக்குன்னு சொன்ன?" என்று ரூஃபினோ சட்டையைப் பிடித்தார். "தப்பாப் பார்த்துட்டேன்" என்றான். சபைப் பட்டியலிலிருந்து பெயரை அடித்தார்கள். தெருவில் அவன் போனால் துப்பினார்கள். அம்மா அவனைப் பார்க்க மறுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்; இரண்டு வாரத்தில் அப்படியே போய்விட்டாள்.

அவ்வளவுதான் அண்ணி. பழைய கதை.

அராசெலி

*

ஹனோவர்,
நவம்பர் 28

அன்புள்ள அராசெலிக்கு,

நலமா? இந்தக் கடிதத்தை அவர் என் கையிலிருந்து வாங்கித் தானே படித்தார். "சரியாத்தான் எழுதியிருக்கா" என்றார். பிறகு சிரித்தார். எதற்குச் சிரிப்பு என்று கேட்டால் சொல்லவில்லை.

எனக்கு ஒன்று புரியவில்லை. எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடு. மழை வருவதற்கு மூன்று மணி நேரம் முன்பே இவருக்குத் தெரிந்துவிடும். கீழே போய் எல்லா வீட்டுத் துணியையும் கொடியிலிருந்து எடுத்து மடித்து, அவரவர் கதவருகே வைத்துவிட்டு வருவார். முதலில் திருடன் என்று நினைத்தார்கள். இப்போது துணி உலர்த்துவதற்கு முன்னால் எங்கள் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். பதினான்கு வருடத்தில் ஒருமுறைகூட இவர் கணிப்புத் தவறி நான் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவர் அன்றைக்கு மட்டும் எப்படித் தப்பாகப் பார்த்தார்?

கெர்டா

*

திரியானா,
1977 ஜனவரி 8

அன்புள்ள அண்ணிக்கு,

புது வருட வாழ்த்து. பதில் தாமதம், கிறிஸ்துமஸ், மூவரசர் திருநாள் என்று வேலைக்கு மேல் வேலை. வேஷம் போட்ட மூன்று ராஜாக்களும் வண்டியில் போய் மிட்டாயை வாரி இறைத்தார்கள். ரூஃபினோவின் நெற்றியில் ஒன்று பட்டு வீங்கிவிட்டது. ராஜா கையால் அடிவாங்கிய பெருமை அவருக்கு.

நான் யோசித்துப் பார்த்தேன். ஏப்ரல் வேண்டாம் அண்ணி. கூட்டம், நெரிசல், அண்ணன் நெஞ்சுக்கு ஆகாது. ஜூலையில் புனித அன்னாள் திருவிழாவுக்கு வாருங்கள். ஆற்றுக்கு மேலே கொழுப்புத் தடவிய கம்பத்தை நீட்டி, நுனியில் கொடியைக் கட்டிவிடுவார்கள். வழுக்கி வழுக்கி விழுவார்கள், பார்க்கச் சிரிப்பாக இருக்கும். வெயில் நெஞ்சுக்கு நல்லது.

நீங்கள் கேட்டதற்குப் பிறகு விவரமாக எழுதுகிறேன். ரூஃபினோ வரும் சத்தம் கேட்கிறது.

அராசெலி

*

ஹனோவர்,
ஜனவரி 20

அடி அராசெலி,

எப்படி இருக்கிறாய்? நான் இருக்கிறேன், அது போதும். கெர்டா கடைக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் முடிக்க வேண்டும். எழுத்து கோணினால் அது குளிர்.

உன் கடிதங்களை எல்லாம் படித்துவிட்டேன். ஏப்ரலில் மழை பெய்யாது என்று எழுதியிருக்கிறாய் பார், இருமல் வரும்வரை சிரித்தேன். இப்போதெல்லாம் அதற்கு ரொம்ப நேரம் ஆவதில்லை.

கெர்டாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அன்றைக்குப் போனில் என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். மாதாவுக்கும் தெரியும், அவளும் இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை.

உன் மேல் கோபமே இருந்ததில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ரயில் ஏறும்போது இருந்தது. முதல் இரண்டு குளிர்காலமும் இருந்தது. பிறகு அதைச் சுமக்க நேரம் இல்லாமல் போயிற்று. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பியது மட்டும் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. ஆனால் நான் வாயைத் திறந்திருந்தால், தன் ஆசைக்காகத்தான் மாதா நனைந்தாள் என்று தெரிந்துகொண்டு அம்மா செத்திருப்பாள். என் மேல் கோபத்தோடு போனதே நல்லது.

ரூஃபினோ நேர்மையானவன். அதுதான் பயம். அவனிடம் சொன்னால் உனக்கு வீடு இருக்காது. சொல்லாதே. எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது. இங்கே தினமும் மழை பெய்கிறது. யாரும் யாரையும் குற்றம் சொல்வதில்லை.

ஒன்றே ஒன்றை எனக்கு எழுது. மாதா வந்தபோது அம்மா முகம் எப்படி இருந்தது? நான் மேட்டில் இருந்தேன், பார்க்கவில்லை. அவள் முகம் என்றால் எனக்கு அந்தச் சுவர்தான் ஞாபகம் வருகிறது.

சீக்கிரம் எழுது.

உன் அண்ணன்,
ஃபெர்மின்

*

ஹனோவர்,
பிப்ரவரி 6

அன்புள்ள அராசெலிக்கு,

சுகம் விசாரிக்கக்கூட நேரம் இல்லை, மன்னித்துக்கொள். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பத்து நாள் ஆகிறது. ஏப்ரலும் இல்லை, ஜூலையும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நேற்று ஒன்று கேட்டார். உங்கள் ஊரில் சபையில் இருப்பவரை அந்தக் கறுப்பு அங்கியோடுதான் அடக்கம் செய்வார்களாமே. தனக்கும் அது வேண்டும் என்கிறார். "பட்டியல்ல பேர் இல்லாதவங்களுக்குக் கிடையாதுன்னு நீங்கதானே சொல்வீங்க" என்றேன். "என் தங்கச்சி தைப்பா. நீ எழுது" என்றார். தோள் அகலம் முப்பத்தொன்பது சென்டிமீட்டர். பழைய ஃபெர்மினை நினைத்துத் தைத்துவிடாதே, பாதி ஆளாகிவிட்டார்.

உன்னிடம் ஏதோ கேட்டு எழுதியிருக்கிறாராம். என்ன என்று சொல்லவில்லை. நான் போய் நின்றதும் முதல் கேள்வி, "தபால்காரன் வந்தானா?"

சீக்கிரம் அனுப்பு.

கெர்டா

*

திரியானா,
மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் எப்படி இருக்கிறான்? அங்கி இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. தைக்க மூன்று நாள்தான் ஆனது. மற்ற மூன்று வாரத்துக்கு என்னிடம் சாக்கு இருக்கிறது: ரூஃபினோ காய்ச்சலில் வீட்டிலேயே கிடந்தார், அவர் கண் முன்னால் விரித்துவைத்துத் தைக்க முடியவில்லை, "இது யாருக்கு?" என்று கேட்பார். சாக்குதான். பயந்தேன் அண்ணி. பதினெட்டு வருடமாக நான் செய்துவரும் ஒரே வேலை அதுதான்.

இதை அண்ணனுக்கு வாசித்துக் காட்டுங்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அண்ணன் தப்பாகப் பார்க்கவில்லை. "உவெல்வா பக்கம் கருத்துக் கிடக்கு. வெளிய எடுக்க வேணாம்னு சொல்லு" என்றான். ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. போனை வைத்துவிட்டுத் தெருவைக் கடந்தேன். கோயில் கதவு வரை பதினைந்து அடி இருக்கும். நிமிர்ந்து பார்த்தால் தெருக் கோடியில் அம்மா, பால்கனியில், தலையணையில் சாய்ந்து, காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல். ரூஃபினோ, "என்ன சொன்னான்?" என்றார். "தெளிவா இருக்காம்" என்று என் வாய் சொன்னது. எங்கள் தெருவைத் தாண்டும்வரை மழை பொறுத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். பிறகு மற்றவர்கள் பார்த்துத் திரும்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஒன்றுமே நினைக்கவில்லை என்பதுதான் நிஜம்.

ரூஃபினோ அண்ணனின் சட்டையைப் பிடித்தபோது நான் பக்கத்தில் நின்றேன். அண்ணன் என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான், "தப்பாப் பார்த்துட்டேன்" என்றான். அம்மா இறந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். அடுத்த வருடம் ரூஃபினோ என்னைப் பெண் கேட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு அந்தச் சோற்றையே பதினாறு வருடம் பரிமாறினேன்.

அண்ணன் அம்மா முகத்தைப் பற்றிக் கேட்டிருந்தான். அண்ணனிடம் சொல்லுங்கள்: மாதா பால்கனிக்கு நேரே வந்தபோது அம்மா அழவில்லை, கும்பிடவும் இல்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி முடியை ஒதுக்கிச் சரி செய்துகொண்டாள். முகம் அப்படியே பூத்துவிட்டது. பிறகு, ஓடி வந்து பக்கத்தில் நின்ற என் கையைப் பிடித்து, "ஃபெர்மின் எங்கடி? அவனும் பார்க்கணுமே" என்றாள்.

இதை அன்றே அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். அவனைச் சாக வேண்டாம் என்று சொல்லுங்கள். பாடுகளின் வாரத்துக்குள் ரூஃபினோவிடம் சொல்லிவிடுவேன். அவன் வரட்டும்.

அராசெலி

*

ஹனோவர்,
மார்ச் 15

அராசெலி அவர்களுக்கு,

ஃபெர்மின் பிப்ரவரி 27ஆம் தேதி காலையில் இறந்தார். மார்ச் 2 அன்று சாம்பல் நிறக் கோட்டில் அடக்கம் செய்தோம். தொழிற்சாலையில் அவர்களே கொடுத்த கோட்டு. தந்தி கொடுக்கலாம் என்று போனேன். ஒருவருடைய அண்ணன் இறந்த செய்தியைப் பொத்தான் கடைக்கு அனுப்ப எனக்குக் கை வரவில்லை.

உங்கள் பொட்டலம் 12ஆம் தேதி வந்தது. அங்கியின் அளவு சரியாக இருக்கிறது. அலமாரியில் அவருடைய மழைக்கோட்டுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

வாசித்துக் காட்டச் சொன்னீர்கள். கல்லறைக்குப் போய் வாசித்தேன். மழை பெய்துகொண்டிருந்ததால் கடைசிப் பக்கத்தில் மை கரைந்துவிட்டது. ஆனால் அதற்குள் நான் பலமுறை படித்திருந்தேன், பார்க்காமலே சொல்ல முடிந்தது. கடைசி வாரத்தில் பேச முடியாமல் போன பிறகும், நான் உள்ளே வரும்போதெல்லாம் என் கையைத்தான் பார்ப்பார், கடிதம் இருக்கிறதா என்று.

துணி உலர்த்தும் முன்பு இப்போதும் யாராவது எங்கள் கதவைத் தட்டுகிறார்கள். தட்டிய பிறகுதான் அவர்களுக்கு ஞாபகம் வருகிறது.

நான் வரவில்லை.

கெர்டா

*

திரியானா,
ஏப்ரல் 10, உயிர்த்த ஞாயிறு

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

இந்தக் கடிதத்தை நீங்கள் பிரிக்காமலே தூக்கிப் போடலாம். பிரித்தால், நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன்.

பெரிய வெள்ளியன்று வானத்தில் ஒரு கைக்குட்டை அளவு மேகம் இல்லை. இப்போதெல்லாம் விமான நிலையத்துக்குப் போன் செய்து கேட்கிறார்கள். பழக்கம் விடாமல் மேட்டுக்கும் ஓர் ஆளை அனுப்புகிறார்கள். இரண்டு இடத்திலிருந்தும் தெளிவு என்று சொல்லிவிட்டார்கள். கோயில் வாசலில் சபை முழுவதும் நின்றது. தெரு நிறையக் கூட்டம். ரூஃபினோ வெள்ளிக் கோலைப் பிடித்துக்கொண்டு, கதவைத் திறக்கச் சொல்வதற்குக் கையைத் தூக்கினார்.

நான் போய் எதிரே நின்றேன்.

"ரூஃபினோ, திறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

"இப்பவா? வீட்டுல பேசிக்கலாம், அராசெலி. வழி விடு."

"வீட்டுல பதினாறு வருஷமா பேசல. ஃபெர்மின் செத்துட்டான். அன்னைக்கு அவன் தெளிவா இருக்குன்னு சொல்லல."

அவர் கை அப்படியே நின்றது. அன்றைக்குக் கேட்ட அதே குரலில், "என்ன சொன்னான்?" என்றார்.

"'உவெல்வா பக்கம் கருத்துக் கிடக்கு. வெளிய எடுக்க வேணாம்னு சொல்லு.' இதான் சொன்னான். உங்ககிட்ட மாத்திச் சொன்னது நான்."

அண்ணன் கொடுத்தனுப்பிய செய்தியைப் பதினெட்டு வருடம் கழித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தேன் அண்ணி, பளீரென்ற வெயிலில். கூட்டத்திலிருந்து பாத்திரக்காரி ரமோனா, "ஐயோ, அந்தப் புள்ள எங்க ஜன்னலுக்குக் கீழ போறப்போ நான் காறித் துப்பினேனே" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. விலகி வழி விட்டார்கள். அதைவிட அடித்திருக்கலாம்.

ரூஃபினோ உள்ளே போனார். சற்றுப் பொறுத்துக் கதவு திறந்தது.

நான் எங்கள் பழைய வீட்டுக்கு எதிரே போய் நின்றேன். இப்போது அங்கே வேறு யாரோ குடியிருக்கிறார்கள். சப்பரம் அந்தப் பால்கனிக்கு நேரே வந்ததும் இறக்கினார்கள். அங்கே இறக்குகிற வழக்கமே இல்லை. சப்பரத் தலைவன் குனிந்து, சப்பரத்தைச் சுற்றித் தொங்கும் துணிக்கு உள்ளே தோள் கொடுத்து நிற்கும் தூக்கிகளிடம், தெருவுக்கே கேட்கும்படி சொன்னான்:

"பசங்களா, இந்தத் தூக்கு ஃபெர்மினுக்கு. அன்னைக்கு வானத்தைச் சரியாப் பார்த்தவனுக்கு. ஒரே மூச்சுல, வானம் வரைக்கும் போகணும்."

தூக்கச் சொல்லிச் சுத்தியலால் சப்பரத்தில் தட்டினான். நாற்பது பேரும் ஒரே துள்ளலில் தூக்கினார்கள். மாதா பால்கனி உயரத்துக்கு எழுந்தாள். கன்னத்துத் தழும்பு அத்தனை கிட்டத்தில் தெரிந்தது. நான் மண்டியிட்டுவிட்டேன். அழுகையை அடக்கவில்லை.

ரூஃபினோ அன்றிலிருந்து சபை வீட்டில் படுத்துக்கொள்கிறார். இன்று காலை பூசைக்குப் பிறகு வந்தார். அண்ணனுக்கு அங்கி தைத்து அனுப்பியதையும், அது பிந்திப் போனதையும் சொன்னேன். தன் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தார். வாசலில் நின்று இதை மட்டும் சொன்னார்: "பட்டியல்ல ஃபெர்மின் பேரை ஏத்தியாச்சு. அந்த அங்கியை அவன் பொண்டாட்டியை எடுத்துட்டு வரச் சொல்லு. அது இங்கதான் இருக்கணும்." அதை உங்களுக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். திரும்பி வருவாரா என்று தெரியாது. வராவிட்டால் அவர்மேல் குற்றம் இல்லை. இனிமேல் கடிதத்தை என் வீட்டு விலாசத்துக்கே போடலாம்.

முதல் கடிதத்தில் நீங்கள் கேட்டவற்றுக்கு நான் ஒழுங்காகப் பதில் எழுதவில்லை. அவனை இங்கே வரவேற்பார்களா என்று கேட்டீர்கள். வரவேற்பார்கள் அண்ணி. அவன் மனைவியையும் வரவேற்பார்கள். இந்த வருடமோ அடுத்த வருடமோதான் என்றில்லை, உங்களுக்கு மனம் வரும்போது வாருங்கள். மாலையில் ஆற்றுக் காற்று அடிக்கும், அதற்கு ஒரு சால்வை வேண்டும்.

ஏப்ரலில் இங்கே மழை பெய்யும். உவெல்வா பக்கத்திலிருந்து வரும். குடை கொண்டு வாருங்கள்.

அராசெலி